குழந்தையின் முதுகில் கொழுப்புக் கட்டி: அப்படியே விட்டுவிடலாமா?

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது மாதம். ஐந்தாவது மாதத்தில் குளிப்பாட்டும்போது இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே மெத்தென்று ஒரு கட்டி தட்டுப்பட்டது. அப்போது நெல்லிக்காய் அளவு இருந்தது, இப்போது எலுமிச்சம்பழம் அளவு இருக்கிறது. தொட்டால் அழுவதில்லை, காய்ச்சலும் இல்லை. "கொழுப்புக் கட்டிதான், எண்ணெய் போட்டு உருவினால் கரைந்துவிடும்" என்று மாமியார் தினமும் உருவிவிடுகிறார். பக்கத்து கிளினிக்கில் காட்டினோம். அங்கேயும் கொழுப்புக் கட்டி என்றுதான் சொன்னார்கள், விட்டுவிடச் சொன்னார்கள். என் கணவருக்கும் கையில் இரண்டு கொழுப்புக் கட்டிகள் பல வருடமாக இருக்கின்றன. எனக்குப் புற்றுநோயாக இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஆபரேஷன் செய்ய வேண்டுமா? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் உங்கள் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். மெத்தென்று, வலியில்லாமல், தோலுக்கு அடியில் இருக்கும் கட்டி ஒன்பது மாதக் குழந்தைக்குப் புற்றுநோயாக இருப்பது மிக அபூர்வம். கொழுப்புத் திசுவில் வருகிற புற்றுநோய் பெரும்பாலும் பெரியவர்களுக்கு வருவது. பத்து வயதுக்குள் அதைப் பார்ப்பதே அரிது. அதனால் இன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்குங்கள். ஆனால் விட்டுவிடலாம் என்று அவர்கள் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை. நான்கு மாதத்தில் நெல்லிக்காய் எலுமிச்சம்பழம் ஆகியிருக்கிறது. உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த வரியைத்தான்.

உங்கள் கணவரின் கையில் இருப்பது பெரும்பாலும் லிப்போமாவாக இருக்கும். முதிர்ந்த கொழுப்புச் செல்கள் ஒரு மெல்லிய உறைக்குள் சேர்ந்து உருண்டையாக நிற்பதுதான் லிப்போமா. நாற்பது வயதிலிருந்து அறுபது வயதுக்குள் சர்வ சாதாரணமாக வரும். பத்து வருடம் அதே அளவில் கிடக்கும், ஒன்றும் செய்யாது. குழந்தைகளுக்கும் லிப்போமா வரலாம், ஆனால் குறைவு. நம் ஊரில் "கொழுப்புக் கட்டி" என்ற ஒரே பேரை எல்லா வயதுக்கும் எல்லா இடத்துக்கும் சொல்லிவிடுவதால் பெரியவர்களுக்குப் பொருந்துகிற ஆறுதல் கைக்குழந்தைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கைக்குழந்தையின் கொழுப்புக் கட்டி வேறு ரகமாக இருக்கலாம்.

அந்த ரகத்துக்கு லிப்போபிளாஸ்டோமா என்று பேர். 1926இலேயே மருத்துவ எழுத்தில் வந்துவிட்ட பேர்தான், ஆனால் அரிய கட்டி என்பதால் பல டாக்டர்கள் நேரில் பார்த்திருக்க மாட்டார்கள். கருவில் இருக்கும்போது கொழுப்புத் திசுவை உண்டாக்குவதற்கென்று இளம் செல்கள் இருக்கும். பிறந்த பிறகும் அவற்றில் சில முதிராமல் ஓரிடத்தில் பெருகிக்கொண்டே போனால் அதுதான் இது. இவற்றில் பலவற்றில் எட்டாவது குரோமோசோமில் உள்ள பிளாக்1 என்ற மரபணுவில் மாற்றம் காணப்படுகிறது. பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு மூன்று வயதுக்குள் தெரிந்துவிடும். ஆண் குழந்தைகளுக்குச் சற்று அதிகம். கை, கால், முதுகு, மார்பு என்று எங்கும் வரும். கழுத்திலும் வயிற்றுக்குள்ளும்கூட வரலாம். வேறு உறுப்புக்குப் பரவாது, உயிரை எடுக்காது. ஆனால் வேகமாக வளரும். வளர்ந்து பக்கத்தில் இருக்கும் நரம்பையோ, கழுத்தில் என்றால் மூச்சுக்குழாயையோ அழுத்தும். உங்கள் மகனுடைய வயதும் கட்டியின் வேகமும் எனக்கு இதைத்தான் நினைவூட்டுகின்றன. கடிதத்தை வைத்து இதுதான் என்று முடிவு கட்ட மாட்டேன். ஆனால் இது இல்லை என்று உறுதி செய்யாமல் விடக்கூடாது.

கட்டியைத் தொட்டுப் பார்த்தே பாதி விஷயம் தெரிந்துவிடும். குழந்தையை அம்மா மடியில் குப்புறப் போட்டு, என் கையை நன்றாகத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் தொடுவேன். கை குளிர்ந்திருந்தால் குழந்தை உடம்பை விறைக்கும், முதுகுத் தசை இறுகிக் கட்டி அடியில் ஒளிந்துகொள்ளும். விரல் நுனியால் கட்டியின் ஓரத்தை மெல்ல அழுத்தினால், லிப்போமாவாக இருந்தால் ஊறவைத்த புளியங்கொட்டை மாதிரி நழுவி ஓடும். லிப்போபிளாஸ்டோமா அப்படி ஓடாமல் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நிற்கலாம். தசைக்குள் இறங்கி, எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்று சொல்ல முடியாதபடி பரவியதும் உண்டு. கல் மாதிரி இறுகி, அசையாமல், எலும்போடு ஒட்டிய கட்டி என்றால் அது வேறு கதை, அந்த வாரமே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதெல்லாம் டாக்டர் கைக்கு. நீங்கள் வீட்டில் தினமும் அழுத்தி அழுத்திச் சோதிக்க வேண்டாம்.

அளவைவிட இடம் முக்கியம் என்று எல்லாப் பெற்றோருக்கும் சொல்கிறேன். உங்கள் மகனுக்கு இருப்பது தோள்பட்டைக்குக் கீழே, ஒரு பக்கமாக. அதே மெத்தென்ற கட்டி, இடுப்புக்குக் கீழே முதுகின் நடுக்கோட்டில், பிட்டப் பிளவுக்கு மேலே இருந்திருந்தால் என் பதிலே மாறியிருக்கும். அங்கே இருக்கும் கொழுப்பு பல சமயம் தோலோடு நிற்காது. முதுகெலும்பில் மூடாமல் விட்ட இடைவெளி வழியாக உள்ளே போய்த் தண்டுவடத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். குழந்தை உயரமாக வளர வளர, தண்டுவடம் மேலே நகர முடியாமல் இழுபடும். அந்த இடத்தில் முடிக்கற்றை, குழி, சிவப்பு மச்சம் இவற்றில் ஏதாவது சேர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் பலம்.

நாலரை வயதுப் பெண் குழந்தை ஒன்றை இன்னும் மறக்க முடியவில்லை. "செருப்பு ஒரு கால் சரியாக இருக்கிறது, ஒரு கால் கழன்றுவிடுகிறது" என்று எலும்பு டாக்டரிடம் கூட்டி வந்திருந்தார்கள். இரண்டு பாதத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தோம். இடது பாதம் ஒரு விரல் அகலம் சின்னது, குதிகால் தரையில் சரியாகப் பதியவில்லை. பகலிலும் ஜட்டி ஈரமாகவே இருக்கும் என்றார் அம்மா. பாவாடையை விலக்கினால் இடுப்புக்குக் கீழே நடுவில் பஞ்சு மாதிரி ஒரு மேடு. பிறந்ததிலிருந்தே இருக்கிறதாம், கொழுப்புதான் என்று சொல்லிவிட்டார்களாம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கால் மேற்கொண்டு மெலியவில்லை. ஆனால் போன சிறுநீர்க் கட்டுப்பாடு முழுதாகத் திரும்பவில்லை. பிறந்த முதல் மூன்று நான்கு மாதங்களில், முதுகெலும்பு முழுதாக இறுகுவதற்கு முன்னால், சாதாரண அல்ட்ராசவுண்ட் ஸ்கேனிலேயே உள்ளே எட்டிப் பார்த்துவிடலாம். அதன் பிறகு எம்.ஆர்.ஐ. தேவைப்படும். முதுகின் நடுக்கோட்டில் வரும் கட்டியை எம்.ஆர்.ஐ. பார்க்காமல் யாரும் வெட்ட அனுமதிக்காதீர்கள். மூக்கின் மேல் நடுக்கோட்டில் வரும் கட்டிக்கும் இதே விதிதான், அது மண்டைக்குள் வரை போயிருக்கலாம்.

பச்சைக்குழந்தைக்கு வரும் இன்னொரு கொழுப்புப் பிரச்சினை கொஞ்சம் வித்தியாசமானது. பிறந்தவுடன் அழாமல் மூச்சுத்திணறிய குழந்தை, உடம்பு சில்லிட்டுப் போன குழந்தை, மூளையைக் காப்பாற்றுவதற்காக இன்குபேட்டர் வார்டில் குளிர்ச் சிகிச்சை பெற்ற குழந்தை. இவர்களுக்கு முதல் சில வாரங்களில் முதுகு, தோள், பிட்டம், தொடை, கன்னத்தில் கெட்டியான, சிவந்த அல்லது ஊதா நிறத் தடிப்புகள் வரலாம். பச்சைக்குழந்தையின் கொழுப்பில் உறையும் தன்மை அதிகம், நெய் குளிரில் இறுகுவது போல இறுகி, அந்த இடத்துச் செல்கள் செத்துப்போகின்றன. சில வாரங்களிலோ மாதங்களிலோ தானே கரைந்துவிடும். கவனிக்க வேண்டியது இரத்தத்தில் கால்சியம். கட்டி கரைகிற சமயத்திலும், அதற்குப் பிறகும்கூட அது ஏறலாம். பால் குடிக்காமல் சோர்வது, வாந்தி, மலச்சிக்கல், அடிக்கடி சிறுநீர் என்று இருந்தால் அன்றே காட்டுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு ஆறு மாதம் வரையாவது அவ்வப்போது கால்சியம் பார்க்க வேண்டும். வழக்கமாக எல்லாக் குழந்தைக்கும் கொடுக்கும் வைட்டமின் டி சொட்டு மருந்தை டாக்டரிடம் கேட்காமல் கொடுக்கக்கூடாது.

கொழுப்பே இல்லாத பலவற்றையும் கொழுப்புக் கட்டி என்று தூக்கி வருகிறார்கள். ஒன்றரை, இரண்டரை, மூன்றரை மாதத் தடுப்பூசி போட்ட தொடையில் பட்டாணி அளவு கெட்டியாக ஒன்று வாரக்கணக்கில் இருக்கும், தானே போய்விடும். இடது கையில் பி.சி.ஜி. போட்ட குழந்தைக்கு அதே பக்க அக்குளில் சின்னதாக நெறி கட்டலாம். அது பெரிதானாலோ இளகினாலோ காட்டுங்கள். புருவத்தின் வெளி ஓரத்தில் உருண்டையாக இருப்பது பெரும்பாலும் டெர்மாய்ட் என்கிற பிறவிக் கட்டி. நீலம் பாய்ந்த மெத்தென்ற கட்டி இரத்தக்குழாய்க் கட்டியாக இருக்கலாம். அழும்போது அடிவயிற்று ஓரத்தில் புடைத்து, தூங்கும்போது மறைந்தால் அது குடல் இறக்கம். அது உள்ளே போகாமல் கெட்டியாகி, குழந்தை வாந்தி எடுத்தால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும். பிறந்த குழந்தையின் மார்புக் காம்புக்கு அடியில் தடிப்பாக இருப்பது அம்மாவின் ஹார்மோன் செய்கிற வேலை, ஆண் குழந்தைக்கும் வரும். அதைப் பிதுக்கிப் பால் எடுக்கிற வழக்கத்தை மட்டும் தயவுசெய்து நிறுத்துங்கள். பிதுக்கிப் பிதுக்கிச் சீழ் பிடித்து வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

உருவிவிடுவதும் அப்படித்தான். எந்த எண்ணெயும் தோலுக்கு அடியில் இருக்கும் கட்டியைக் கரைக்காது. மாமியார் பாசத்தில் செய்கிறார், அதில் சந்தேகம் இல்லை. அழுத்தி உருவினால் உள்ளே இரத்தம் கசிந்து கட்டி வீங்கலாம், அப்புறம் ஸ்கேனில் தெளிவும் இருக்காது. உடம்புக்குப் பொதுவாக எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுவதில் தவறில்லை, அந்த இடத்தை மட்டும் சும்மா விடச் சொல்லுங்கள். சுண்ணாம்புப் பத்து, எருக்கம்பால், சூடு வைப்பது எதுவும் கூடவே கூடாது. குழந்தைத் தோல் வெந்துவிடும். இன்னொன்று: நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எத்தனையோ தாய்மார் கேட்டு அழுதிருக்கிறார்கள். கர்ப்பத்தில் நெய் சாப்பிட்டதாலோ, பால் பவுடர் கொடுத்ததாலோ இது வரவில்லை. உங்களால் வந்ததில்லை.

சரி, இனி என்ன செய்வது? இந்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் ஒரு குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரிடம் காட்டுங்கள். உங்களுக்கு அருகில் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. முதலில் அல்ட்ராசவுண்ட் எடுப்பார்கள். வலி, கதிர்வீச்சு எதுவும் இல்லை. கட்டி ஆழமாகத் தசைக்குள் போயிருந்தாலோ, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டியிருந்தாலோ எம்.ஆர்.ஐ. கேட்பார்கள். ஒன்பது மாதக் குழந்தை அந்தக் குழாய்க்குள் அசையாமல் படுக்காது என்பதால் தூங்க மருந்து கொடுத்து எடுப்பார்கள், அதற்குப் பயப்பட வேண்டாம். சின்னதாக, வளராமல் நிற்கும் லிப்போமா என்று தெரிந்தால் கத்தியே வேண்டாம். மாதம் ஒரு தடவை, அதே வெளிச்சத்தில், பக்கத்தில் பத்து ரூபாய்க் காசு ஒன்றை வைத்து போட்டோ எடுத்து வையுங்கள். அந்தக் காசின் விட்டம் 27 மில்லிமீட்டர். நினைவை நம்புவதைவிட இது உதவும்.

வளரும் கட்டி என்றால் எடுத்துவிடுவதுதான் சரி என்பது என் கருத்து. பெரிதாகட்டும் என்று காத்திருந்தால் தழும்பும் பெரிதாகும், நரம்புகளைப் பிரித்தெடுப்பதும் கடினமாகும். முழு மயக்கத்தில் செய்வார்கள். அதற்கு முன்னால் தாய்ப்பாலை 4 மணி நேரம், பால் பவுடரையும் பசும்பாலையும் 6 மணி நேரம் நிறுத்தச் சொல்வார்கள். பாவம், பசியில் அழுகிறதே என்று பாட்டி ஒரு சங்கு பால் புகட்டிவிட்டால் ஆபரேஷனைத் தள்ளிப்போட வேண்டிவரும். மயக்கத்தில் அந்தப் பால் நுரையீரலுக்குள் போவது உயிருக்கே ஆபத்து. வீட்டில் எல்லோருக்கும் இதை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எடுத்த கட்டியைக் கட்டாயம் நோய்க்குறியியல் பரிசோதனைக்கு (திசுவை மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பது) அனுப்பச் சொல்லுங்கள், அந்த ரிப்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். லிப்போமாவா லிப்போபிளாஸ்டோமாவா என்பது உறுதியாவது அந்தப் பரிசோதனையில்தான். லிப்போபிளாஸ்டோமா என்று வந்தாலும் கீமோ, கதிர்வீச்சு எதுவும் தேவையில்லை. முழுதாக எடுத்தாலே போதும். பத்தில் ஒன்று இரண்டு பேருக்கு அதே இடத்தில் திரும்ப வளரலாம், உறையில்லாமல் பரவிய வகையில் அது அதிகம். அதனால் இரண்டு மூன்று வருடமாவது, சிலருக்கு ஐந்து வருடம் வரை, ஆறு மாதத்துக்கு ஒரு முறை காட்டி வர வேண்டும்.

போகும்போது தடுப்பூசி அட்டையையும், கட்டி தெரிகிற பழைய போட்டோ ஏதாவது போனில் இருந்தால் அதையும் எடுத்துப் போங்கள். மாமியாரையும் கட்டாயம் கூட்டிப் போங்கள். தினமும் குளிப்பாட்டுகிற கைக்கு அந்தக் கட்டி முதலில் எந்த இடத்தில் தட்டுப்பட்டது, எந்தப் பக்கமாக வளர்ந்தது, எப்போது பெரிதானது என்று உங்களைவிட நன்றாகத் தெரியும். டாக்டர் முதலில் கேட்கப் போவதும் அதைத்தான்.