கடலூர்ப் பக்கம் செம்மண், சுண்ணாம்பு, நாட்டு ஓடு கொண்டு இக்கால வசதிகளுடன் வீடு கட்ட முடியுமா?

முடியும், ஆனால் இங்கே முதலில் யோசிக்க வேண்டியது கூரையைத்தான். 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலை மனத்தில் வைத்து, பனஞ்சட்டங்களைச் சுவரின் உச்சியில் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டையோடு துருப்பிடிக்காத பட்டைகளால் பிணைத்து, விளிம்பு ஓடுகளைச் சுண்ணாம்புக் காரையில் பதிக்க வேண்டும். தாழ்வாரத்தை இரண்டடிக்கு மேல் நீட்டுவது சாரலைத் தடுக்க நல்லது, ஆனால் கூரையைத் தூக்கப் புயலுக்கும் அதுவே வசதி! ஆகவே திண்ணைக்குத் தனிக்கூரை போடுவதே என் பரிந்துரை.

சுவருக்கு, ஆரோவில்லில் செய்வதுபோல், மேல்மண்ணை ஒதுக்கிவிட்டு அடியிலுள்ள செம்மண்ணுடன் சுமார் 5 சதவீதம் சிமென்ட் கலந்து அழுத்திய சுடாத கற்கள் போதும். அவற்றை நான்கு வாரம் ஈரம் காயாமல் வைத்திருந்து பிறகே அடுக்குங்கள். உட்புறம் சிமென்ட் பூச வேண்டாம். சுண்ணாம்புப் பூச்சில்தான் மண்சுவரின் ஈரம் வெளியேறும்.