எம்-3 கைநழுவும்போது எம்-1 அரியரையும் சேர்த்து மீட்பது எப்படி?

மெக்கானிக்கல் அல்லது சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் செமஸ்டர். முதல் செமஸ்டர் கணிதமான எம்-1 அரியர் (தேறாமல் நிலுவையில் நிற்கும் தாள்) ஏற்கெனவே தலையில் இருக்கிறது, இப்போது மூன்றாம் செமஸ்டர் கணிதமான எம்-3 முதல் இன்டர்னலிலும் மதிப்பெண் அடிமட்டம். இந்த நிலையில் பெற்றோர் முதலில் தேடுவது டியூஷனைத்தான். அதற்கு முன் மகனையோ மகளையோ பக்கத்தில் உட்கார வைத்து ஒரு கணக்குப் போடுங்கள்.

அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில், 2021 விதிமுறைப்படி தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. இரண்டும் சேர்ந்து 50 வர வேண்டும். செமஸ்டர் தேர்வில் மட்டும் தனியாக 45 சதவீதமும் வேண்டும். தேர்வுத்தாள் 100 மதிப்பெண்ணுக்கு நடந்து 60க்குக் குறைக்கப்படும். ஆக, இன்டர்னலில் 14 எடுத்தவர் தாளில் 60 எடுத்தாக வேண்டும். 20 எடுத்தவருக்கு 50 போதும். 23ஐத் தாண்டிவிட்டால் 45 எடுத்தாலே பாஸ்.

இன்டர்னல் என்றாலே டெஸ்ட் என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். இரண்டு இன்டர்னலும் தலா 100க்கு நடந்து 40க்குக் குறைக்கப்படும்: எழுத்துத் தேர்வுக்கு 60, அசைன்மென்ட், செமினார், மினி புராஜெக்ட் போன்றவற்றுக்கு 40. அதாவது மொத்த 40ல் 16 மதிப்பெண் டெஸ்ட் ஹாலுக்கு வெளியே கிடைப்பது. கணக்கில் திணறும் மாணவருக்கு மிக மலிவாகக் கிடைக்கும் மதிப்பெண் இதுதான். சோர்ந்துபோனவர்கள் முதலில் கைவிடுவதும் இதைத்தான். இரண்டாம் இன்டர்னலுக்கான அசைன்மென்டை இந்த வாரமே முடித்துக் கொடுக்கச் சொல்லுங்கள்.

எம்-3ல் தடுமாறுபவர்களில் பெரும்பாலோருக்குச் சிக்கல் எம்-3ல் இல்லை. ஃபூரியர் சீரிஸ் கணக்கில் சூத்திரம் சரியாக எழுதியிருப்பார்கள். அடுத்த வரியில் பெர்னௌலி சூத்திரம் போட்டு இன்டெக்ரேஷன் செய்யும் இடத்தில் குறி மாறிவிடும். பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷனில், பார்ஷியல் டெரிவேடிவ் எடுக்கும் இடத்திலேயே நின்றுவிடுவார்கள். இந்த இரண்டும் எம்-1 பாடங்கள்: மூன்றாம், நான்காம் யூனிட்கள். ‘எம்-1ஐ ஏப்ரலில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று தள்ளிவைப்பது அதனால்தான் தவறான முடிவு. முதல் பத்து நாள் அந்த இரண்டு யூனிட்களுக்கு மட்டும் கொடுங்கள். தினமும் ஒன்றரை மணி நேரம், புத்தகத்தை மூடிவைத்துப் பத்துக் கணக்குகள். அந்த உழைப்பு எம்-1 அரியருக்கும் எம்-3க்கும் சேர்த்தே பலன் தரும். நவம்பர்-டிசம்பர் தேர்வில் இரண்டையும் எழுதலாம்.

பிறகு எம்-3. தாளில் ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் இரண்டு இரண்டு-மதிப்பெண் கேள்விகள், ஒரு 16 மதிப்பெண் கேள்வி. மூன்று யூனிட்டை மட்டும் படித்தால் எல்லாம் சரியாக எழுதினாலும் 60தான்; ஒரு கணக்குத் தவறினால் அரியர். நான்கு யூனிட்டை முக்கால்வாசி சரியாக எழுதினாலே அதே 60 வந்துவிடும். இசட் டிரான்ஸ்ஃபார்மில் தொடங்கச் சொல்வோம். இன்டெக்ரேஷன் வேலை மிகக் குறைவு. பார்ஷியல் ஃபிராக்ஷன் கைவந்தால் போதும். அடுத்து ஃபூரியர் சீரிஸ், அதன்பின் ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்ம், பார்ஷியல் டிஃபரன்ஷியல் ஈக்வேஷன். அதன் பயன்பாடுகள் என்ற மூன்றாம் யூனிட்டுக்கு ஃபூரியர் சீரிஸ் கட்டாயம் தேவை, பதில்களும் நீளம். அதைக் கடைசிக்கு விடலாம்.

இந்த ஒரு பாடத்துக்காகக் கல்லூரிக்கு மட்டம் போட்டு வீட்டில் படிக்க விடாதீர்கள். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனால் எல்லாப் பாடமும் சிக்கலாகும். லேபில் 60 மதிப்பெண் இன்டர்னல். ரெக்கார்டு ஒழுங்காக இருந்தால் சிஜிபிஏவை (மொத்தப் படிப்பின் கிரேடு சராசரியை) அது தாங்கும். உடல்நலம் உண்மையிலேயே கெட்டிருந்தால் மட்டும், தேர்வுக்கு முன்பே துறைத்தலைவர் வழியாக வித்ட்ராயலுக்கு (அந்தத் தேர்விலிருந்து விலகிக்கொள்ள) விண்ணப்பிக்கலாம். படிப்புக்காலம் முழுவதிலும் ஒரே முறைதான் அது கிடைக்கும், அரியர் தாளுக்குக் கிடைக்காது.

ஓர் அரியர் விழுந்ததுமே டிஸ்டிங்ஷன் போய்விட்டது உண்மை. ஃபர்ஸ்ட் கிளாஸ் போகவில்லை: ஐந்து ஆண்டுகளுக்குள் எல்லாத் தாளையும் முடித்து 6.5 சிஜிபிஏ இருந்தால் கிடைக்கும். வேலைக்கு எடுக்கும் பல நிறுவனங்கள் பார்ப்பது, வளாகத் தேர்வு நேரத்தில் நிலுவை அரியர் இருக்கிறதா என்பதை. ஆகவே ஆறாம் செமஸ்டர் முடிவதற்குள் கணக்குத் தாள்களை முடிப்பதே இலக்கு. இதைப் பிள்ளையிடம் அப்படியே சொல்லுங்கள். உறவினர் வீட்டுப் பையனோடு ஒப்பிடாதீர்கள். தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழ்க்கையே முடிந்துவிட்டது என்று பேசினால் படிப்பை அன்றைக்கு மூடிவையுங்கள். 14416க்கு அழைத்தால் தமிழிலேயே ஆலோசகர் பேசுவார், கட்டணம் இல்லை.