மெக்கர் நன்றாக வந்தும் வெட்ஜ் மாற்ற வேண்டுமா?

கேள்வி: என் மகன் ஒரு அனல் மின்நிலையத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. 210 மெகாவாட் ஜெனரேட்டரை ஓவர்ஹாலுக்குத் திறந்திருக்கிறார்கள். ஸ்டேட்டரில் (சுழலாத பகுதி) மெக்கர் என்ற இன்சுலேஷன் சோதிக்கும் கருவியை வைத்தால் ஒரு நிமிடத்தில் 900 மெகாஓம், பத்து நிமிடத்தில் 2,700. அப்படியும் வைண்டிங்கை இறுக்கிப் பிடிக்கும் ஆப்புகளான வெட்ஜ்களை மாற்றச் சொல்கிறார்களாம். வீண் செலவுதானே என்கிறான்.
நெல்லை வாசகர்

பதில்: மெக்கர் அளவு நன்றாக இருக்கிறது என்பதில் மகன் சொல்வது சரி. பத்து நிமிட அளவை ஒரு நிமிட அளவால் வகுத்தால் 3. இது 2-க்கு மேல் இருந்தாலே வைண்டிங்கில் ஈரமும் அழுக்கும் பெரிதாக இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரும்புக் கோரில் உள்ள ஸ்லாட் என்ற பள்ளத்துக்குள் பார் (இன்சுலேஷன் சுற்றிய செம்புக் கட்டை) ஆடுகிறதா என்பதை மெக்கர் சொல்லாது.

நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஒவ்வொரு பார் மேலும் நொடிக்கு 100 தடவை விசை விழுகிறது. வெட்ஜ் இறுக்கமாக இருந்தால் பார் அசையாது. தளர்ந்தால் இரும்புக் கோரில் உரசத் தொடங்கும். முதலில் மேல்பூச்சு தேயும், அப்புறம் மைக்கா இன்சுலேஷன். 15,750 வோல்ட் மெஷினில் செம்புக்கும் கோருக்கும் நடுவே இருப்பது சில மில்லிமீட்டர் மைக்காதான்.

நான் 31 வருடம் இந்த வேலையில் இருந்தவன். ஒரு ஓவர்ஹாலில் நான்கைந்து வெட்ஜ்களின் ஓரத்தில் கோலமாவு சிந்தியதுபோல், உரசித் தேய்ந்த வெளிர் தூள் படிந்திருந்தது. யாரும் குறித்துக்கொள்வதற்குள் துணியால் துடைத்துவிட்டார்கள். மெக்கர் அன்றும் அருமையாகத்தான் வந்தது. அடுத்த வருடமே எர்த் ஃபால்ட், அதாவது இன்சுலேஷன் போய் மின்சாரம் கோருக்குப் பாய்ந்துவிட்டது. போனது ஸ்லாட்டின் அடியில் இருக்கும் பார். அந்த ஒன்றை எடுக்க, நல்ல நிலையில் இருந்த மேல்பார்களை வரிசையாகத் தூக்க வேண்டியிருந்தது. பழைய பாரைத் தூக்கும்போது இன்சுலேஷன் விரிசல் விடாமல் இருக்க வேண்டுமே என்று ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வெட்ஜ் செலவு அதன் பக்கத்தில்கூட வராது.

அதனால் மகனிடம் சொல்லுங்கள்: துடைப்பதற்கு முன் பார்க்க வேண்டும். ஸ்லாட் நம்பரோடு படம் எடுத்துக்கொள்ளட்டும். உள்ளிருக்கும் வாயு வெளியேறாமல் அடைக்கும் சீல் எண்ணெய் உள்ளே கசிந்திருந்தால் தூள் கரும்பசையாகத் தெரியும். அதுவும் உரசலின் அடையாளமே. அப்புறம் ஒரு விரலை வெட்ஜின் மேல் வைத்து, சின்னச் சுத்தியலால் பக்கத்தில் தட்டிப் பார்க்கட்டும். இறுக்கமான வெட்ஜ் ‘ணங்’ என்று கெட்டியாக ஒலிக்கும். தளர்ந்தது ‘டொக்’ என்று கூடாக ஒலிக்கும், விரலுக்கும் அதிர்வு தெரியும். ஒரே ஸ்லாட்டில் அடுத்தடுத்து மூன்று நான்கு ‘டொக்’ கேட்டால் தாமதிக்கவே கூடாது. தளர்ந்த வெட்ஜின் மேல் வார்னிஷ் அடித்து மூடலாம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

ஸ்டேட்டருக்குள் போகும்போது சட்டைப்பையில் பேனாகூட இருக்கக் கூடாது. கொண்டுபோகும் சுத்தியல், டார்ச், துணி எல்லாவற்றையும் எண்ணி எழுதி, வெளியே வந்ததும் திரும்ப எண்ணிக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.