படியெடுக்கும் தாளைச் சில காலம் ஒதுக்கிவையுங்கள்

வணக்கம். கோவையில் தனியாக எம்பிராய்டரி செய்வதாகவும், இணையத்தில் பார்க்கும் வடிவங்களையே படியெடுத்துத் திரும்பத் திரும்பத் தைப்பதாகவும், இதைப் பற்றிப் பேசக்கூட ஆளில்லை என்றும் எழுதியிருந்தீர்கள்.

ஒருமுறை உதகைக்குச் சென்று, நீலகிரிப் பழங்குடியினரான தோடர் பெண்கள் வேலைப்பாடு செய்த சால்வை ஒன்றைக் கையில் வாங்கி இருபுறமும் திருப்பிப் பாருங்கள். வெளுக்காத பருத்தித் துணியில், எதையும் முன்கூட்டி வரைந்துகொள்ளாமல், பாவு, ஊடை (நெடுக்கு, குறுக்கு) இழைகளை எண்ணியே சிவப்பு, கறுப்பு நூலால் தைக்கிறார்கள் என்பதால், வடிவத்தின் அளவையும் கோணத்தையும் துணியின் நெசவே பெரிதும் தீர்மானித்துவிடுகிறது. நீங்களும் இழை தெளிவாகத் தெரியும் கைத்தறித் துணியில், இரண்டே நிறங்களோடு எண்ணித் தைத்துப் பழகுங்கள். (அவர்களுடைய வடிவங்களை அப்படியே எடுத்து விற்பது முறையாகாது, அந்தக் கலை 2013இல் புவிசார் குறியீடு பெற்றது.)

துணைக்குப் பெரிய அமைப்புகளைத் தேடி அலைய வேண்டாம் என்பது என் கருத்து. நீங்கள் வழக்கமாக நூல் வாங்கும் கடையில் கேட்டாலே இரண்டு மூன்று பேர் கிடைக்கக்கூடும். பாதியில் நின்றுபோன வேலையை மட்டுமே கொண்டுவர வேண்டும் என்ற நிபந்தனையோடு அவர்களுடன் மாதம் ஒருமுறை கூடுங்கள். சென்னைப் பக்கம் வரும்போது, முட்டுக்காடு தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் நடக்கும் கைவினைப் பயிலரங்குகளைப் பற்றியும் விசாரியுங்கள்.