ஊசிக்கு ஏன் வெட்கம்? – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் கணவருக்கு எட்டு வருடமாக சுகர். இனி மாத்திரை போதாது, இன்சுலின் போட வேண்டும் என்கிறார் டாக்டர். அன்றிலிருந்து எல்லோர் மேலும் எரிந்து விழுகிறார். கடையில் ஒளிந்து போண்டா சாப்பிடுகிறார். நானும் கண்கொத்திப் பாம்பாகக் கவனிக்கிறேன். தியானம் உதவுமா? ஏதாவது புத்தகம் சொல்லுங்கள்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

தியானம் பிடித்தால் செய்யட்டும். புத்தகம் இப்போது வேண்டாம். முதலில் நீங்கள் அந்தக் கண்காணிப்பை நிறுத்துங்கள். வளர்ந்த மனிதர் போண்டாவை ஒளிந்து தின்கிறார் என்றால் வீட்டில் அவர் நிம்மதியாக ஒரு வாய் சாப்பிட முடியவில்லை என்றுதானே அர்த்தம்?

என் அப்பாவுக்கும் சுகர். கல்யாணப் பந்தியில் பாயசம் வரும்போது நாலு இலை தள்ளியிருந்து யாராவது "அவருக்கு ஊத்தாதீங்க, சுகர்" என்று கத்துவார்கள். அக்கறைதான். ஆனால் பந்தியே திரும்பிப் பார்க்கும். போகப் போக அவர் மொய்யை அம்மாவிடம் கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டார். இன்சுலின் என்றதும் அவர் கேட்டது: "அவ்வளவு மோசமாவா நடந்துகிட்டேன்?" காய்ச்சல் வந்தவன் இப்படிக் கேட்பானா?

இன்சுலின் தண்டனை அல்ல. இரண்டாம் வகை நீரிழிவில் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் வருடம் ஏற ஏறச் சோர்ந்துபோகும். 1998-ல் முடிவுகள் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வில், தீவிர சிகிச்சை பெற்றவர்களுக்கும் காலப்போக்கில் சர்க்கரை மெல்ல ஏறத்தான் செய்தது. விடியற்காலையில் ஒன்றும் சாப்பிடாமலேயே ஏறும். கல்லீரல் விடுகிற சர்க்கரை அது. அதைப் பார்த்து "ராத்திரி என்ன தின்னீங்க?" என்று கேட்பது அநியாயம். கோபமும் கவலையும்கூட ஏற்றும். உங்கள் வீட்டுச் சண்டையும் சேர்ந்துதான் அந்த ரிப்போர்ட்டில் வருகிறது.

அவருடைய எரிச்சலைக் கெட்ட குணம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பாஸ்டனின் ஜோஸ்லின் நீரிழிவு மையத்தில் 1995-லேயே இந்த மனச்சுமையை அளக்க 20 கேள்விகள் தயாரித்தார்கள். சாப்பாட்டு ஏக்கம், தவறினால் வரும் குற்ற உணர்வு, ஓயாமல் பார்த்துப் பார்த்து வரும் அலுப்பு, வீட்டார் துணையில்லை என்ற எண்ணம் எல்லாம் அதில் உண்டு. கடைசியாகச் சொன்னதை இன்னொரு முறை படியுங்கள்.

அடுத்த முறை டாக்டரிடம் கூடவே போங்கள், ஆனால் உங்கள் கணவரைப் பேசவிடுங்கள். போண்டா கதையை நீங்கள் எடுக்க வேண்டாம். 4 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஊசி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். ஊசி போட ஆரம்பித்த பிறகு கைநடுக்கமும் வியர்வையும் வந்தால் சர்க்கரை தாழ்ந்திருக்கலாம். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். ஏன், எதற்கு என்று அப்போது ஒரு வார்த்தை கேட்காதீர்கள்.