வாசகர் கேள்வி: குளிரில் திணறும் ஸ்டார்ட்டர்

கேள்வி: என் பழைய டூரிங் பைக்கின் ஸ்டார்ட்டர் மார்கழிக் காலையில் முனகுகிறதே தவிர, எஞ்சினைச் சுழற்றுவதில்லை. ரிடக்‌ஷன் கியர் ஸ்டார்ட்டருக்கு மாற்றலாமா? (வாசகர், ஏற்காடு)

பதில்: மாற்றலாம். அதிலுள்ள சிறிய மோட்டார் வேகமாகச் சுழன்று, பற்சக்கரங்களின் வழியே முறுக்குவிசையைப் பெருக்குவதால், குறைந்த மின்சாரத்திலேயே, குளிரில் கெட்டிப்பட்ட ஆயிலையும் மீறி எஞ்சினைச் சுழற்றிவிடும். ஆனால் பணம் செலவழிக்கும் முன், பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வைத்து, பட்டனை அழுத்திப் பாருங்கள். 12.6 வோல்ட் காட்டிய பேட்டரி அப்போது 9.6-க்கும் கீழே இறங்கினால், முதலில் பேட்டரியைச் சோதிக்க வேண்டும். இறங்காமலும் மோட்டார் திணறினால், எர்த் வயர் சேசிஸில் பிடிக்கும் இடத்தைக் கழற்றி, மலை ஈரத்தில் பூத்திருக்கும் பச்சைக் களிம்பை உப்புத்தாளால் செம்பு மின்னும்வரை தேய்த்து இறுக்குங்கள். பல வண்டிகள் இதிலேயே சரியாகிவிடும். புதியது வாங்கினால் பல் எண்ணிக்கையும் சுழலும் திசையும் பழையதோடு ஒத்திருக்க வேண்டும். சேலம் சாலையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறும்போது எஞ்சின் நின்றால் தள்ளி ஸ்டார்ட் செய்வது ஆபத்து என்பதால், இதைத் தள்ளிப்போடாதீர்கள்.