விதி வகுத்தவரே மீறும்போது: வாசகர் கேள்விகள், ஆசிரியர் பதில்கள்

பிரிட்டனில் கொரோனா ஊரடங்குக் காலத்தில் பிரதமர் அலுவலகத்திலேயே நடந்த விருந்துகளைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். அதையொட்டி வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: போரிஸ் ஜான்சனுக்கு விதிக்கப்பட்ட அபராதம் 50 பவுண்டு. லண்டனில் காரைத் தவறான இடத்தில் நிறுத்தினால்கூட அதைவிடக் கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். இதற்காகவா ஒரு பிரதமரின் அரசியல் வாழ்வு முடிய வேண்டும்? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: தொகையை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரியென்றே படும். அந்தத் தொகை எதற்காக விதிக்கப்பட்டது என்பதைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். 2020 மார்ச் 23 அன்று மாலை தொலைக்காட்சியில் தோன்றி, வீட்டை விட்டு வெளியே வராதீர்கள் என்று மக்களுக்கு உத்தரவிட்டவர் ஜான்சன். மூன்றே நாளில் அது சட்ட விதியாகவும் ஆயிற்று. மே 20 அன்று மாலை பிரதமரின் அலுவலகமும் இல்லமுமான டவுனிங் தெருவின் தோட்டத்தில் கூடலாம், அவரவர் குடிக்க வேண்டியதை அவரவரே கொண்டுவரலாம் என்று அவருடைய முதன்மைத் தனிச் செயலரின் சார்பில் ஏறத்தாழ 200 ஊழியர்களுக்கு மின்னஞ்சல் போயிற்று. அதே மாலையில்தான் அதே அரசின் அமைச்சர் ஆலிவர் டவுடன் செய்தியாளர் சந்திப்பில் நின்று, வேறு வீட்டைச் சேர்ந்த ஒருவரை மட்டும், அதுவும் பொது இடத்தில், இரண்டு மீட்டர் தள்ளி நின்று சந்திக்கலாம் என்று நாட்டுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

ஜூன் 19 அன்று ஜான்சனின் பிறந்த நாளுக்காக அமைச்சரவை அறையில் கூடியதற்குத்தான், 2022 ஏப்ரலில் அவருக்கும் அப்போதைய நிதியமைச்சர் ரிஷி சுனக்குக்கும் அபராதம் விதிக்கப்பட்டது. பதவியில் இருக்கும்போதே சட்டத்தை மீறியதற்காக அபராதம் கட்டிய முதல் பிரிட்டிஷ் பிரதமர் அவரே. விசாரணை முடிந்தபோது லண்டன் காவல்துறை 83 பேருக்கு மொத்தம் 126 அபராதங்களை விதித்திருந்தது.

இவ்வளவும் வெளிவந்த முதல் நாளிலேயே அவர் எழுந்து நின்று, ஆம், நடந்தது, தவறுதான் என்று சொல்லியிருந்தால் மக்கள் முகம் சுளித்திருப்பார்கள், கோபப்பட்டிருப்பார்கள், ஒருவேளை பொறுத்தும் போயிருப்பார்கள் என்றே நான் நினைக்கிறேன். அவர் செய்தது வேறு. 2021 டிசம்பர் 1 அன்று, செய்தி வெளியான மறுநாளே, தன் அலுவலகத்தில் எல்லா வழிகாட்டு நெறிகளும் பின்பற்றப்பட்டன என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். பிறகு விருந்தே நடக்கவில்லை எனத் தனக்கு உறுதியளிக்கப்பட்டதாகச் சொன்னார். அதன் பிறகு, மே 20 தோட்டக் கூட்டத்துக்குத் தானும் போயிருந்ததை ஒப்புக்கொண்டு, அதை அலுவலக நிகழ்ச்சி என்று நினைத்ததாகச் சொன்னார். ஒவ்வொரு விளக்கமும் முந்தைய விளக்கத்தைத் தின்றுகொண்டே வந்தது. 2022 ஜூலையில் அவர் பதவி விலக நேர்ந்தது கிறிஸ் பின்சர் என்ற உறுப்பினரின் நடத்தை தொடர்பான விவகாரத்தில். அங்கேயும் பிரதமருக்கு முன்பே என்ன தெரியும் என்பதைப் பற்றி அவருடைய அலுவலகம் சொன்ன பதில் நாளுக்கு நாள் மாறியதுதான், சொந்தக் கட்சி அமைச்சர்களையே ஒருவர் பின் ஒருவராக வெளியேற வைத்தது. ஆகவே 50 பவுண்டுக்காக அவர் போகவில்லை என்பதே என் பதில்.

கேள்வி: தலைவர்கள் மீறினால் மக்களின் நம்பிக்கை போய்விடும் என்று எழுதுகிறீர்கள். நம்பிக்கை என்பது அளந்து பார்க்கக்கூடிய பொருளா? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: முழுவதுமாக அளக்க முடியாதுதான். ஆனால் ஒரு முறை ஏறத்தாழ அளந்தே பார்த்திருக்கிறார்கள். ஜான்சனின் தலைமை ஆலோசகராக இருந்த டொமினிக் கம்மிங்ஸ், ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே குடும்பத்துடன் லண்டனிலிருந்து 250 மைலுக்கு மேல் காரோட்டி, தன் பெற்றோரின் பண்ணை இருக்கும் டரம் பகுதிக்குப் போய்விட்டார். அங்கிருந்தபோது ஒரு நாள் பார்னார்ட் காசில் என்ற ஊருக்கும் ஓட்டிப் போனார். தன் கண்பார்வை நீண்ட பயணத்துக்குத் தாங்குமா என்று சோதிக்கவே அப்படிப் போனதாக, மே 25 அன்று டவுனிங் தெருத் தோட்டத்தில் செய்தியாளர்களைச் சந்தித்தபோது விளக்கம் சொன்னார். பதவி விலகவில்லை, பிரதமரும் அவரை விட்டுக்கொடுக்கவில்லை.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் அந்த மாதங்களில் 40,000-க்கும் மேற்பட்டோரிடம் தொடர்ந்து கருத்துக் கேட்டுவந்தார்கள். கம்மிங்ஸ் செய்தி வெளியான மே 22 முதல், இங்கிலாந்தில் அரசின் மீதான நம்பிக்கை சரியத் தொடங்கியதை அவர்களுடைய கணக்கு காட்டியது. தனி அரசுகளைக் கொண்ட ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் மக்கள் தத்தம் அரசுகள் மீது வைத்திருந்த நம்பிக்கையில் அப்படியொரு சரிவு தெரியவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் லான்செட் மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. நோயும் ஒன்று, செய்தியும் எல்லா இடத்திலும் ஒன்று. எந்த அரசின் ஆள் மீறினாரோ அந்த அரசின் மீதுதான் மக்களின் மனம் விட்டுப்போயிற்று.

இதற்கு நேர் எதிரானதும் ஸ்காட்லாந்தில் நடந்தது. வீட்டிலேயே இருங்கள் என்று அரசு விளம்பரங்களில் மக்களுக்குச் சொல்லிவந்த தலைமை மருத்துவ அதிகாரி கேத்தரின் கால்டர்வுட், கடற்கரையோரமாக இருந்த தன் இன்னொரு வீட்டுக்கு இரண்டு வார இறுதிகளில் போய்வந்தது தெரிந்ததும், 2020 ஏப்ரல் 5 அன்று மன்னிப்புக் கேட்டு, அன்று இரவே பதவியை விட்டார். அவர் செய்ததும் மீறல்தான். ஆனால் அடுத்த நாள் காலையில் அவருடைய இடத்தில் வேறொருவர் நின்று அதே விதியை மக்களுக்குச் சொல்ல முடிந்தது.

கேள்வி: சட்டப்படி ஒருவர் குற்றவாளி இல்லை என்றான பின்னும் பதவி விலகியே ஆக வேண்டும் என்பது கூட்டத்தின் தீர்ப்பாகிவிடாதா? (யாழ்ப்பாணம் வாசகர்)

பதில்: நியாயமான கவலை. அயர்லாந்தில் நடந்ததை உதாரணமாகச் சொல்கிறேன். 2020 ஆகஸ்ட் 18 அன்று அந்நாட்டு அமைச்சரவை கூடி, பொது நிகழ்ச்சிகளுக்கான கட்டுப்பாடுகளை இறுக்கியது. மறுநாள் இரவே கிளிஃப்டன் என்ற ஊரின் ஹோட்டலில், நாடாளுமன்ற கோல்ஃப் சங்கத்தின் விருந்தில் 80-க்கும் மேற்பட்டோர் உணவருந்தினார்கள். முந்தைய நாள் முடிவெடுத்த அமைச்சரவையில் இருந்த வேளாண் அமைச்சர் டாரா கேலியரியும், ஐரோப்பிய ஒன்றியத்தின் வணிக ஆணையராக இருந்த ஃபில் ஹோகனும் அங்கே இருந்தார்கள். கேலியரி இரண்டே நாளில் விலகினார். தன் பயணங்களைப் பற்றி ஹோகன் கொடுத்த விளக்கங்கள் அடுத்தடுத்துத் திருத்தப்பட, ஒரு வாரத்துக்குள் அவரும் விலக வேண்டியதாயிற்று. 2022-இல் விருந்தை ஏற்பாடு செய்தவர்களும் ஹோட்டலைச் சேர்ந்தவர்களுமாக நான்கு பேர் மீதான வழக்கு நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. கூடத்தை நடுவில் தடுப்பு வைத்துப் பிரித்திருந்தார்கள் என்பது அந்த வழக்கில் முக்கியமான விவரம்.

அப்படியானால் விலகியவர்களுக்கு அநீதி இழைக்கப்பட்டதா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சட்டத்துக்கு உட்பட்டதா என்ற கேள்விக்கு நீதிமன்றம் விடை சொல்கிறது. குடிமகனின் சிறைவாசமும் அபராதமும் அதைப் பொறுத்தவை, அங்கே சந்தேகத்தின் பலன் அவருக்கே போக வேண்டும். பதவி அப்படிப்பட்ட உடைமை இல்லை. நேற்று திருமணங்களையும் இழவு வீடுகளையும் சுருக்கச் சொன்னவர், இன்று தடுப்பின் எந்தப் பக்கத்தில் எத்தனை நாற்காலி என்று கணக்குக் காட்டி நியாயம் பேசினால், நாளை அவர் சொல்லும் உத்தரவை மக்களும் அதே கணக்கோடுதான் கேட்பார்கள். ஒருவரைத் தெருவில் துரத்துவதோ குடும்பத்தை இழிவுபடுத்துவதோ நீங்கள் அஞ்சும் கூட்டத்தின் தீர்ப்பு என்றால், அதை நானும் வெறுக்கிறேன்.

கேள்வி: மீறிய பிறகும் சரியாக நடந்துகொண்ட தலைவர் ஒருவராவது உண்டா? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: நார்வேயின் பிரதமராக இருந்த எர்னா சோல்பர்க்கைச் சொல்வேன். பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது என்ற விதி இருந்தபோது, 2021 பிப்ரவரியில் தன் 60-ஆவது பிறந்த நாளுக்காகக் குடும்பத்தார் பதின்மூன்று பேரை மலைச் சுற்றுலாத் தலமான யைலோவில் ஒன்றுகூட்டினார். செய்தி வந்ததும் மன்னிப்புக் கேட்டார். காவல்துறை 20,000 குரோனர் அபராதம் விதித்தது, அதை ஏற்றுக்கொண்டார். இதுபோன்ற வழக்குகள் பலவற்றில் அபராதம் விதிப்பதில்லை என்றாலும், கட்டுப்பாடுகளை முன்னின்று அறிவித்தவர் பிரதமர் என்பதால் விதிகளின் மீது மக்களுக்குள்ள நம்பிக்கையைக் காக்க இது தேவை என்று காவல்துறை வெளிப்படையாகவே காரணம் சொன்னது. அந்தக் காரணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதே ஆண்டுத் தேர்தலில் அவர் ஆட்சியை இழந்தார். அதற்குக் காரணங்கள் பல.

கேள்வி: பிரதமரே தவறு செய்தால் அவரை விசாரிப்பது யார்? (சேலம் வாசகர்)

பதில்: இந்த முறை வந்த கேள்விகளிலேயே இதுதான் ஆணிவேரைத் தொடுகிறது. பிரிட்டனில் அமைச்சர்களுக்கென்று ஒரு நடத்தை விதித் தொகுப்பு உண்டு. தெரிந்தே நாடாளுமன்றத்தைத் தவறாக வழிநடத்தும் அமைச்சர் பதவி விலக முன்வர வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. ஆனால் அது மீறப்பட்டதா என்று முடிவு செய்பவர் பிரதமர். அவருக்கு ஆலோசகர் ஒருவர் இருப்பார். அவர் சொல்வதை ஏற்க வேண்டிய கட்டாயம் பிரதமருக்கு இல்லை. 2020-இல் உள்துறை அமைச்சர் பிரீத்தி படேல் ஊழியர்களை நடத்திய விதம் அந்தத் தொகுப்பை மீறியது என்று ஆலோசகர் அலெக்ஸ் ஆலன் அறிக்கை தந்தார். மீறவில்லை என்று ஜான்சன் முடிவெடுத்தார். அமைச்சர் இருந்தார், ஆலோசகர் போனார். அடுத்து வந்த கைட் பிரபுவும் 2022 ஜூனில் பதவியை விட்டுப் போய்விட்டார். பரீட்சை எழுதுபவரே திருத்தவும் செய்கிற ஏற்பாட்டில் நேர்மையான மனிதர்கள் நிற்க முடியாமல் போவதில் வியப்பில்லை.

ஜான்சன் விஷயத்தில் வேலை செய்தது வேறொரு வழி. நாடாளுமன்றத்தில் பொய் சொன்னாரா என்ற கேள்வி, சபையின் உரிமைக் குழுவிடம் போயிற்று. எதிர்க்கட்சியைச் சேர்ந்த ஹாரியட் ஹார்மன் தலைமை ஏற்றாலும், அதன் ஏழு உறுப்பினர்களில் நான்கு பேர் ஜான்சனின் சொந்தக் கட்சிக்காரர்கள். அவர் வேண்டுமென்றே சபையைத் தவறாக வழிநடத்தினார் என்று 2023 ஜூன் 15 அன்று அந்தக் குழு அறிக்கை தந்தது. முடிவை முன்கூட்டியே அறிந்த அவர் சில நாட்களுக்கு முன்பே உறுப்பினர் பதவியை விட்டிருந்தார். இல்லையெனில் 90 நாள் இடைநீக்கம் பரிந்துரைத்திருப்போம் என்று குழு எழுதியது. பத்து அமர்வு நாட்களுக்குக் குறையாத இடைநீக்கம் என்றாலே, தொகுதியில் பத்தில் ஒரு பங்கு வாக்காளர்கள் கையெழுத்திட்டு இடைத்தேர்தலைக் கொண்டுவர அங்கே 2015-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது. அறிக்கையைச் சபை 354-க்கு 7 என்ற வாக்குகளில் ஏற்றது. பிரதமராகியிருந்த சுனக் அன்று வாக்களிக்க வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. சொந்தக் கட்சி உறுப்பினர்கள் நால்வர், வசைகளுக்கும் மிரட்டல்களுக்கும் நடுவில் உட்கார்ந்து அந்த அறிக்கையில் கையெழுத்திட்டார்கள் என்பதைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

கேள்வி: 2020 ஏப்ரலில் என் அப்பா லண்டன் மருத்துவமனை ஒன்றில் இறந்தார். கடைசியாக அவர் முகத்தைக் கைப்பேசித் திரையில்தான் பார்த்தேன். இறுதிச் சடங்கில் ஆறு பேர் நின்றோம். அம்மாவை யாரும் அணைத்துக்கொள்ளவில்லை. பழையதை மறந்துவிடு என்கிறார்கள் நண்பர்கள். என் கோபம் இன்னும் தணியாதது தவறா? (லண்டன் வாசகி)

பதில்: தவறில்லை, அம்மா. உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீங்கள் விதியைக் காத்தது பயத்தால் மட்டும் இல்லை. முகம் தெரியாத யாருக்கோ நோய் தொற்றிவிடக் கூடாது என்பதற்காக, உங்கள் தாயைத் தொடாமல் நின்றீர்கள். அந்தத் தியாகத்தைக் கேட்டு வாங்கியவர்களே அதை மதிக்கவில்லை என்று பின்னால் தெரியவரும்போது, ஆறிய புண் மறுபடி திறப்பது இயல்பு.

இந்த விருந்துகளை விசாரித்த அரசு அதிகாரி சூ கிரே 2022 மே மாதம் வெளியிட்ட அறிக்கையில் சின்ன விவரம் ஒன்று உண்டு. 2020 டிசம்பரில் பிரதமர் அலுவலகத்தில் விருந்து நடந்ததற்கு மறுநாள் காலை, அறையைச் சுத்தம் செய்ய வந்த பணியாளர், ஒரு பக்கச் சுவரிலும் நகலெடுக்கும் காகிதப் பெட்டிகள் மீதும் சிவப்பு ஒயின் சிந்திக் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். துப்புரவுப் பணியாளர்களும் காவல் பணியாளர்களும் மரியாதையின்றி நடத்தப்பட்ட பல சம்பவங்களையும் அந்த அறிக்கை பதிவு செய்திருக்கிறது. ஊரடங்கிலும் வேலைக்கு வந்தாக வேண்டியிருந்தவர்கள் அவர்கள். 2021 ஏப்ரல் 16 இரவு அதே கட்டடத்தில் இரண்டு பிரிவுபசார விருந்துகள் நடந்தன. மறுநாள் விண்ட்சர் தேவாலயத்தில், 73 ஆண்டுகள் உடன் வாழ்ந்த கணவரின் இறுதிச் சடங்கில், அரசி எலிசபெத் கறுப்பு முகக்கவசத்துடன் ஒரு வரிசையில் தனியே அமர்ந்திருந்தார். அவரும் உங்களைப் போலவே விதியைக் காத்தவர்.

தேம்ஸ் நதிக்கரையில், நாடாளுமன்றத்துக்கு நேர் எதிரே, இறந்த ஒவ்வொருவருக்கும் ஒரு சிவப்பு இதயம் வரைந்த சுவர் இருப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2021 மார்ச்சில் உறவினர்களே வரையத் தொடங்கியது அது. வெயிலிலும் மழையிலும் சிவப்பு வெளிறிப்போவதால், தன்னார்வலர்கள் தூரிகையோடு வந்து இதயங்களுக்கு மறுபடி வண்ணம் தீட்டுகிறார்கள். உங்கள் அப்பாவின் பெயர் அங்கே இன்னும் எழுதப்படவில்லை என்றால், அவர்களிடம் சொல்லுங்கள்.